செம்பருத்திக் குடும்பத்தின் உறவுகளை டிஎன்ஏ எப்படிக் காட்டுகிறது?

தண்டையார்பேட்டையிலிருந்து கல்லூரிக்குச் சென்று இளநிலைத் தாவரவியல் படிக்கும் மாணவி ஒருவர் இப்படிக் கேட்டிருக்கிறார்: "எங்கள் பாடநூலில் இலவ மரம் பாம்பகேசி, சணல் டிலியேசி, கொக்கோ ஸ்டெர்குலியேசி என்று தனித்தனிக் குடும்பங்களில் இருக்கின்றன. புதிய பட்டியல்களில் எல்லாவற்றையும் மால்வேசி என்கிறார்கள். டிஎன்ஏவைப் பார்த்து மாற்றிவிட்டார்கள் என்று ஆசிரியர் சொன்னார். ஓர் இலையிலிருந்து எடுக்கும் டிஎன்ஏ இவ்வளவையும் எப்படிச் சொல்லும்? அது தவறாகப் போகவே போகாதா?"

இரண்டாவது கேள்விக்கான பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தவறாகப் போகும். டிஎன்ஏ எந்த வழியாக வந்தது, எத்தனை நகல்களாக இருக்கிறது என்று பார்க்காமல் ஒரே ஒரு மரபணுவை மட்டும் நம்பினால் நிச்சயமாகத் தவறும். ஆனால் எங்கே தவறும், ஏன் தவறும் என்பது இன்று நன்றாகத் தெரியும். அதனால்தான் இந்த முறையை நம்பிக் குடும்பங்களையே மாற்றி அமைக்க முடிந்தது.

பழைய முறையிலிருந்து தொடங்க வேண்டும், ஏனென்றால் அதுவும் அறிவோடு செய்த வேலைதான். பெந்தாமும் ஹூக்கரும் 1862 முதல் 1883 வரை வெளியிட்ட வகைப்பாட்டைத்தான் நம் கல்லூரிகள் நெடுங்காலமாகக் கற்பித்து வருகின்றன. அந்த முறையில் மால்வேல்ஸ் என்ற வரிசைக்குள் மால்வேசி, ஸ்டெர்குலியேசி, டிலியேசி என்று மூன்று குடும்பங்கள் இருந்தன. இலவம் மால்வேசிக்குள்ளேயே ஒரு கிளையாக இருந்தது, வேறு அறிஞர்கள் அதைத் தனிக் குடும்பமாக வைத்தார்கள். பிரித்ததற்குக் காரணங்கள் உண்டு. மகரந்தத் தாள்கள் ஒரே குழாயாக இணைந்து, மகரந்தப்பை ஓர் அறையுடன், மகரந்தத் தூள் முள்முள்ளாக இருந்தால் மால்வேசி. மரமாக வளர்ந்து, இலை விரல்களைப் போலப் பிரிந்து, மகரந்தத் தூள் வழவழப்பாக இருந்தால் பாம்பகேசி. தாள்கள் இணைந்திருந்தும் மகரந்தப்பைக்கு இரண்டு அறைகள் என்றால் ஸ்டெர்குலியேசி. தாள்கள் தனித்தனியாக நின்றால் டிலியேசி. தேர்வில் எழுதுவதற்கு இது மிகவும் வசதியான பிரிவு. சிக்கல் என்னவென்றால், இவற்றில் எது முன்னோரிடமிருந்து அப்படியே வந்த பழைய பண்பு, எது பிற்காலத்தில் புதிதாகத் தோன்றிய பண்பு என்பதை அந்தப் பட்டியல் சொல்வதில்லை. உறவைத் தீர்மானிப்பது பகிர்ந்துகொண்ட புதிய பண்பு மட்டுமே. பகிர்ந்துகொண்ட பழைய பண்பு எதையும் நிரூபிக்காது. இரண்டு பேர் தமிழ் பேசுகிறார்கள் என்பதால் மட்டும் அவர்கள் பங்காளிகள் ஆகிவிடுவதில்லை அல்லவா?

தோற்றம் எப்படி ஏமாற்றும் என்பதற்கு நம் கடற்கரை மரங்கள் இரண்டு போதும். பூவரசை உங்களுக்குத் தெரியும். ராயபுரத்திலும் காசிமேட்டிலும் அதன் இலையைச் சுருட்டிப் பீப்பி ஊதாத பிள்ளைகள் குறைவு. நீர்ப்பருத்தி என்ற இன்னொரு கரையோர மரம் உண்டு. இரண்டுக்கும் இதய வடிவ இலை, இரண்டுக்கும் மஞ்சள் பூ, இரண்டின் பூவும் வாடும்போது சிவக்கும். அக்காள் தங்கை என்றே தோன்றும். இப்போது ஒரு பூவரசம் பூவையும் ஒரு செம்பருத்திப் பூவையும் பறித்து, நடுவில் நீளும் தண்டின் நுனியைக் கைலென்ஸில் பாருங்கள். செம்பருத்தியில் அது ஐந்து சிறு கிளைகளாகப் பிரிந்து, ஒவ்வொன்றின் முனையிலும் ஒரு சிவந்த பொட்டு இருக்கும், நீர்ப்பருத்தியிலும் அப்படியே. பூவரசில் கிளை கிடையாது, கடைசி வரை ஒரே தண்டாக, நுனியில் கொஞ்சம் தடித்து முடியும். பருத்திப் பூவிலும் அதேதான். பருத்தி விதையில் இருக்கும் காசிப்பால் என்ற நச்சுப் பொருள் பூவரசிலும் இருக்கிறது. டிஎன்ஏவும் இதையே உறுதி செய்கிறது: பூவரசு பருத்தியின் கூட்டம், நீர்ப்பருத்தி செம்பருத்தியின் கூட்டம். பருத்தியின் மிக நெருங்கிய உறவினர்கள் யார் என்று பார்த்தால், ஹவாய்த் தீவுகளில் மட்டும் வளரும் கோக்கியா என்ற மரமும், கிழக்கு ஆப்பிரிக்காவிலும் மடகாஸ்கரிலும் வளரும் காசிப்பியாய்டிஸ் என்ற செடியும் என்று தெரிகிறது. இலையையும் பூவையும் மட்டும் வைத்துக்கொண்டு இந்த மூன்றையும் ஒரே வீட்டில் உறுதியாகச் சேர்ப்பது கடினம்.

டிஎன்ஏ என்பது ஏ, டி, ஜி, சி என்ற நான்கு எழுத்துகளால் ஆன நீண்ட வரிசை. தலைமுறை தலைமுறையாகப் படி எடுக்கும்போது எப்போதாவது ஓர் எழுத்து மாறும், மாறியது அடுத்த தலைமுறைகளுக்கும் போகும். எனவே ஒரே மரபணுவைப் பல செடிகளிலிருந்து எடுத்து, வரிசைகளை ஒன்றன்கீழ் ஒன்றாகப் பொருத்தி வைத்தால், ஒவ்வோர் இடமும் ஒரு சாட்சியாகிறது. விளக்கத்துக்காக மட்டும் ஒன்று சொல்கிறேன்: ஓரிடத்தில் பருத்திக்கும் பூவரசுக்கும் ஏ, செம்பருத்திக்கும் வெண்டைக்கும் ஜி, இலவத்துக்கும் ஜி, குடும்பத்துக்கு வெளியே உள்ள ஒரு செடிக்கும் ஜி என்று வைத்துக்கொள்ளுங்கள். வெளியாளிடமும் ஜி இருப்பதால் அதுதான் பழைய எழுத்து. ஏ புதிதாக வந்தது, அது பருத்தியும் பூவரசும் சேர்ந்திருந்த காலத்தில் வந்திருக்க வேண்டும். அந்த வெளியாளைப் புறக்குழு என்கிறோம். புறக்குழு இல்லாமல் போட்ட கிளைப்படத்தில் (உறவுகளை மரக்கிளைகள் போல வரைந்து காட்டும் படம்) எது முந்தையது, எது பிந்தையது என்று சொல்லவே முடியாது.

இப்படி ஆயிரக்கணக்கான இடங்கள். தொடக்க கால ஆய்வுகள் பெரும்பாலும் பசுங்கணிகத்தின் (குளோரோபிளாஸ்ட்) டிஎன்ஏவைத்தான் எடுத்தன. இலையில் அது ஏராளமாகக் கிடைக்கும்; அளவில் சிறியது, பருத்தியில் ஏறக்குறைய 1,60,000 எழுத்துகள்; பூக்கும் தாவரங்களில் பெரும்பாலும் தாய் வழியாக மட்டுமே வருவதால் தந்தையின் டிஎன்ஏவோடு கலந்து குழம்புவதில்லை. அதிலிருந்து ஆர்பிசிஎல், ஏடிபிபி, என்டிஎச்எஃப் போன்ற மரபணுக்களை எடுத்தார்கள். ஆர்பிசிஎல் மெதுவாக மாறுவது, ஆகவே குடும்பங்களுக்கு இடையிலான பழைய உறவுகளுக்குப் பொருந்தும். என்டிஎச்எஃப் அதைவிட வேகமாக மாறுவதால் பேரினங்கள் அளவில் அதிகம் பேசும். எல்லாச் சாட்சிகளும் ஒரே மாதிரி சொல்லாது, ஏனென்றால் ஒரே எழுத்து மாற்றம் இரண்டு கிளைகளில் தனித்தனியாக நேரவும் கூடும். அதனால் கணினி பல்லாயிரம் கிளைப்படங்களை ஒப்பிட்டு, கிடைத்த வரிசைகளை மிகப் பொருத்தமாக விளக்கும் படத்தைத் தேடுகிறது. பிறகு பூட்ஸ்ட்ராப் என்ற சோதனை: இருக்கும் இடங்களிலிருந்தே திரும்பத் திரும்பக் குலுக்கி எடுத்து ஆயிரம் முறை படம் வரைந்து, ஒரு கிளை எத்தனை முறை மீண்டும் வருகிறது என்று எண்ணுவது. ஆயிரத்தில் 980 முறை வரும் கிளையை நம்பலாம். 550 முறை வருவதை வைத்துக்கொண்டு குடும்பத்தை மாற்றக் கூடாது.

சோதனைக்கூட வேலையைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் இந்தக் குடும்பத்தைப் பற்றிப் பேசியதாகவே ஆகாது. வெண்டைக்காயை நறுக்கும்போது கையில் ஒட்டும் அந்த வழவழப்பும், செம்பருத்தி இலையை அரைத்துத் தலைக்குத் தேய்க்கும்போது வரும் நுரையும் குழைவும் இந்தக் குடும்பத்தின் அடையாளம். சமையலுக்கும் தலைமுடிக்கும் அது நல்லது, டிஎன்ஏ எடுக்க வருபவருக்கு அதுதான் முதல் பகை. நான் முதன்முதலில் செம்பருத்தி இலையை அரைத்து, செல்களை உடைத்து டிஎன்ஏவை வெளியே கொண்டுவரும் சிடிஏபி பஃபர் கரைசலை வழக்கமான அளவில் சேர்த்துச் சூடாக்கி, குளோரோஃபார்ம் கலந்து சென்ட்ரிஃபியூஜில் சுற்றி, மேலே தெளிந்ததை எடுத்து ஐசோபுரொப்பனால் ஊற்றியபோது, மெல்லிய வெள்ளை நூலாக வர வேண்டிய டிஎன்ஏ கஞ்சி போலத் திரண்டு வந்தது. நிறைய கிடைத்துவிட்டது என்று மகிழ்ந்தேன். அதில் பெரும்பகுதி வழவழப்புச் சர்க்கரைப் பொருள். குழாயின் அடியில் ஜெல்லியாக ஒட்டிக்கொண்டு கரையவே இல்லை, டிஎன்ஏவைப் பல நகல்களாகப் பெருக்கும் பிசிஆரும் வேலை செய்யவில்லை. பிறகுதான் கற்றுக்கொண்டேன்: முற்றிய இலை வேண்டாம், விரிந்து ஓரிரு நாளான தளிர் போதும், பறித்த உடனே சிலிக்கா ஜெல்லில் போட்டு உலர்த்த வேண்டும், பஃபரில் உப்பின் அளவைக் கூட்டினால் சர்க்கரைப் பொருள் கரைசலிலேயே தங்கிவிடும், பூவரசு, பருத்தி போன்றவற்றில் பழுப்பாக்கும் பொருள்களும் அதிகம் என்பதால் பிவிபியும் மெர்கேப்டோஎத்தனாலும் சேர்க்க வேண்டும். சுத்தமாக வந்த டிஎன்ஏ அகரோஸ் ஜெல்லில் ஒரே கோடாக, சிதறல் இல்லாமல் ஒளிரும். அதைப் பார்த்த பிறகுதான் கிளைப்படத்தைப் பற்றி யோசிக்கலாம்.

இப்படிச் சேர்ந்த வரிசைகள்தான் 1998, 1999 ஆம் ஆண்டுகளில் முடிவைத் தந்தன. பல நாட்டு ஆய்வாளர்கள் சேர்ந்து பூக்கும் தாவரங்கள் முழுவதற்கும் ஏபிஜி என்ற புதிய வகைப்பாட்டை 1998-இல் வெளியிட்டார்கள். அதில் நான்கு குடும்பங்களும் மால்வேசி என்ற ஒரே குடும்பமாயின. மறு ஆண்டு ஏடிபிபி, ஆர்பிசிஎல் இரண்டையும் சேர்த்துச் செய்த ஆய்வும், என்டிஎச்எஃப் வைத்துத் தனியாகச் செய்த ஆய்வும் ஏன் அப்படி என்பதை விரிவாகக் காட்டின. இலவம், சணல், கொக்கோ ஆகியவற்றின் பழைய குடும்பங்களில் ஒன்றுகூடத் தனிக் கிளையாக நிற்கவில்லை. டிலியேசி உடைந்தே போனது. சாக்குத் தைக்கும் சணலும், அந்தக் குடும்பத்துக்குப் பெயர் தந்த ஐரோப்பிய டிலியா மரமும் குடும்பத்தின் இரண்டு எதிரெதிர்ப் பெருங்கிளைகளுக்குப் போயின. சணல் போய்ச் சேர்ந்த இடம் சாக்லேட் தரும் கொக்கோவின் கிளை! (நான் சொல்லும் சணல் கார்கோரஸ், வயலில் பசுந்தாள் உரமாகப் போடும் சணப்பை அவரைக் குடும்பம், இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.) பாம்பகேசியில் இருந்த டுரியன் இலவத்தை விட்டு விலகி வேறோர் இடத்துக்குப் போனது. அங்கே அதன் பக்கத்தில் இருப்பது யார் தெரியுமா? பூங்கா நகர் ராசப்பச் செட்டித் தெருவில் நாட்டு மருந்துக் கடைக்குள் நுழைந்து வலம்புரிக்காய் கேளுங்கள். திருகு போல முறுக்கிக்கொண்ட, விரலளவான பழுப்புக் காயை எடுத்துத் தருவார்கள். பலாவைப் போல முள் நிறைந்த டுரியனும் இந்த முறுக்குக் காயும் ஒரே துணைக்குடும்பம். பெரும்பாலான அறிஞர்கள் இன்று மால்வேசியை ஒன்பது துணைக்குடும்பங்களாகப் பிரிக்கிறார்கள். செம்பருத்தி, பருத்தி, வெண்டை, துத்தி, பூவரசு எல்லாம் ஒன்றில். இலவமும் முள்ளிலவும் ஆப்பிரிக்கப் பெருக்கமரமும் அதற்கு மிக நெருங்கிய இன்னொன்றில். இரண்டுக்கும் பொதுவான ஓரறை மகரந்தப்பையை வைத்துப் பழைய அறிஞர்கள் ஊகித்த நெருக்கம் இந்த இடத்தில் சரியாகவே இருந்தது என்பதையும் நாம் சொல்ல வேண்டும்.

டிஎன்ஏ எல்லாவற்றையும் அள்ளிச் சேர்த்துக்கொள்கிறது என்று நினைக்க வேண்டாம், அது வெளியேயும் அனுப்புகிறது. தெருவோரத்தில் சிவப்பு மணிகளாகப் பழுத்துத் தொங்கும் தேன்பழ மரத்தை முன்பு டிலியேசியில் வைத்தவர்கள் உண்டு. இப்போது அது மால்வேல்ஸ் வரிசைக்குள், ஆனால் மால்வேசிக்கு வெளியே, முண்டிங்கியேசி என்ற சிறு குடும்பம். ருத்திராட்ச மரத்தை பெந்தாமும் ஹூக்கரும் டிலியேசியில் வைத்தார்கள். அது வரிசையையே தாண்டிப் புளியாரையின் வரிசைக்குப் போய்விட்டது. ஒரு முறை சேர்க்கவும் செய்து விலக்கவும் செய்தால்தான் அதன் மேல் எனக்கு நம்பிக்கை வருகிறது. டிஎன்ஏ சேர்த்து வைத்த இந்தப் பெரிய குடும்பத்துக்குப் பொதுவான புற அடையாளமும் ஒன்று இருக்கிறது. செம்பருத்திப் பூவின் அல்லி இதழ்களைக் கழற்றிவிட்டுப் பச்சைப் புல்லி வட்டத்தின் உட்புற அடியைக் கைலென்ஸில் பாருங்கள். நெருக்கமாக நிற்கும் குட்டைச் சுரப்பி மயிர்கள் ஈரமாகப் பளபளக்கும்; தேன் அங்கிருந்துதான் சுரக்கிறது. மற்ற பல குடும்பங்களில் தேன் சதைப்பற்றுள்ள வட்டிலிருந்து வரும். இந்தக் குடும்பத்தில் மயிர்த் திட்டிலிருந்து, பெரும்பாலும் புல்லியின் உட்புறத்திலிருந்து வருகிறது. தாள்களையே எண்ணிக்கொண்டிருந்த காலத்தில் இதற்கு உரிய எடை கிடைக்கவில்லை.

இனி, தவறுகள். முதலாவது, பசுங்கணிகம் தாய் வழியை மட்டுமே சொல்லும். இதற்குப் பருத்தியைவிட நல்ல எடுத்துக்காட்டு உலகத்தில் இல்லை என்றே நினைக்கிறேன். பெரம்பூரில் பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகள் ஓடிய காலத்தில் என் வீட்டுப் பெரியவர்கள் அங்கே வேலை பார்த்தார்கள். கருங்கண்ணி, கம்போடியா என்ற பெயர்களை நான் முதலில் கேட்டது அவர்களிடம்தான். கருங்கண்ணி நம் பழைய பருத்தி, காசிப்பியம் ஆர்போரியம், 26 குரோமோசோம்கள். கம்போடியா என்று இங்கே வந்தது அமெரிக்க இனமான காசிப்பியம் ஹிர்சூட்டம், 52 குரோமோசோம்கள். இன்று உலகில் விளையும் பருத்தியில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் அதுதான். அதன் பசுங்கணிக டிஎன்ஏவை மட்டும் படித்தால், அமெரிக்காவில் தோன்றிய அந்தச் செடி, பக்கத்து நாட்டுக் காட்டுப் பருத்திகளை விட்டுவிட்டு நம் கருங்கண்ணியின் பக்கம் போய் நிற்கும். உட்கருவின் டிஎன்ஏவைப் படித்தால் ஒவ்வொரு மரபணுவும் இரண்டு வகையாகக் கிடைக்கும். ஒன்று கருங்கண்ணி, உப்பம் போன்ற பழைய உலகப் பருத்திகளோடு சேரும், மற்றது பெரு நாட்டின் காசிப்பியம் ரைமாண்டியையோடு சேரும். இரண்டும் உண்மை. ஏறக்குறைய 10 முதல் 20 லட்சம் ஆண்டுகளுக்கு முன், பழைய உலகப் பருத்தியின் விதை எப்படியோ கடல் கடந்து போய், அங்கிருந்த காட்டுப் பருத்தியோடு கலந்து, குரோமோசோம்கள் இரட்டித்துப் புதிய இனம் பிறந்தது. தாய் பழைய உலகத்துக்காரி. நுண்ணோக்கியில் 26 பெரிய குரோமோசோம்களும் 26 சிறியவையும் தனித்தனியாகத் தெரிவதை 1930களிலேயே கவனித்திருந்தார்கள். யாருடையவை அவை என்பதை எழுத்து எழுத்தாகக் காட்டியது டிஎன்ஏ. ஒரே மரபணுவில் நின்றிருந்தால் பாதிக் கதைதான் கிடைத்திருக்கும். ஆஸ்திரேலியாவின் காசிப்பியம் பிக்கை இன்னும் விசித்திரம்: அதன் உட்கரு ஒரு கூட்டத்தையும் பசுங்கணிகம் வேறொரு கூட்டத்தையும் சேர்ந்தவை. தாயின் பசுங்கணிகம் தங்கிவிட்டது, அவளுடைய உட்கரு டிஎன்ஏ பின்வந்த கலப்புகளில் கரைந்துவிட்டது என்பதே விளக்கம்.

இரண்டாவது, நகல்கள். கொக்கோவின் மரபுத்தொகுதி (அதன் முழு டிஎன்ஏ வரிசை) 2011-இலும் ரைமாண்டியையின் மரபுத்தொகுதி 2012-இலும் வெளிவந்தன. ஒப்பிட்டபோது, கொக்கோவை விட்டுப் பிரிந்த பின் பருத்தியின் முன்னோரில் மரபுத்தொகுதி ஐந்தாறு மடங்காகப் பெருகியிருந்தது தெரிந்தது. வெண்டையில் குரோமோசோம் எண்ணிக்கை பெரும்பாலும் 130. இப்படிப்பட்ட குடும்பத்தில் ஒரு செடியிலிருந்து ஒரு நகலையும் இன்னொரு செடியிலிருந்து வேறொரு நகலையும் எடுத்து ஒப்பிட்டால், அண்ணனின் ஜாதகத்தையும் தம்பியின் மகன் ஜாதகத்தையும் ஒன்றென வைத்துப் பார்த்த கதையாகிவிடும். ஐடிஎஸ் என்ற உட்கருப் பகுதியைப் பயன்படுத்தும் மாணவர்கள் இதில்தான் அதிகம் வழுக்குகிறார்கள்.

மூன்றாவது, குறுங்கிளைகள். டிலியா, வலம்புரி முதலானவற்றின் துணைக்குடும்பங்கள் குறுகிய காலத்துக்குள் அடுத்தடுத்துப் பிரிந்ததால், இடையில் எழுத்து மாற்றங்கள் சேர நேரமே இருக்கவில்லை. அவற்றில் யார் யாருக்கு நெருக்கம் என்பது சில மரபணுக்களால் தீரவில்லை. 2019-இல் வெளிவந்த, 353 உட்கரு மரபணுக்களை ஒரே முறையில் பிடித்தெடுக்கும் தொகுப்பு போன்ற கருவிகளைக் கொண்டு இப்போது அந்த முடிச்சைத்தான் அவிழ்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

பெயர்ச் சிக்கலையும் ஒரு வரியில் சொல்கிறேன். ஹைபிஸ்கஸ் என்று நாம் படிக்கும் பேரினம் 2002 ஆம் ஆண்டு ஆய்வில் ஒரே கிளையாக நிற்கவில்லை. வெண்டை, பேராமுட்டி, மொட்டுச் செம்பருத்தி எல்லாம் அதன் கிளைகளுக்கு நடுவிலிருந்து முளைக்கின்றன. ஒன்று அவற்றையும் ஹைபிஸ்கஸ் ஆக்க வேண்டும், அல்லது புளிச்சக்கீரையையும் செம்பருத்தியையும் வேறு வேறு பேரினங்களாகப் பிரிக்க வேண்டிவரும். உறவைக் கண்டுபிடிப்பது டிஎன்ஏவின் வேலை, பெயரை எங்கே வெட்டுவது என்பது மனிதர்களின் முடிவு.

உங்கள் கல்லூரித் திட்டப்பணிக்கு இதையே எடுத்துக்கொள்வதானால், அதிகம் அலைய வேண்டியதில்லை. பூவரசு, செம்பருத்தி, துத்தி மூன்றும் வீட்டைச் சுற்றியே கிடைக்கும். வெண்டையும் புளிச்சக்கீரையும் விதை போட்டால் பத்து நாளில் தளிர் தரும். ஓர் இலவ மரத்தைத் தேடிக்கொள்ளுங்கள். பசுங்கணிகத்திலிருந்து என்டிஎச்எஃப், உட்கருவிலிருந்து ஐடிஎஸ், இரண்டுக்கும் தனித்தனியாகப் படம் வரைந்து, அவை முரண்படும் இடத்தை மறைக்காமல் எழுதுங்கள். ஒவ்வொரு செடியிலும் பூவோடு ஒரு கிளையை அழுத்தி உலர்த்தி, டிஎன்ஏ குழாயில் போட்ட அதே எண்ணை அந்தத் தாளிலும் எழுதி வையுங்கள்; பின்னால் யாராவது சந்தேகம் கேட்டால் காட்டுவதற்கு அதுதான் இருக்கும். புறக்குழுவுக்குத் தேன்பழ மரத்தின் இலையை எடுங்கள், அணில் கடித்துப் போட்ட காய்ந்த சருகு வேண்டாம், தளிராகவே பறியுங்கள்.